செவ்வாய்க்கிழமை கரம் விளையாட்டு

— தம்பி, முதல்ல அந்தக் கிளாஸைக் கீழ வையுங்கோ. வைச்சிட்டுச் சொல்லுங்கோ, நீங்கள் விஷால்தானே? முந்தநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டை வந்து, என்ர மகள் தக்ஷிகாவைக் கேட்ட விஷால்?

— ஆமா அங்கிள். நீங்களும் உங்க கிளாஸைக் கீழ வைங்க. நீங்க தக்ஷிகாவோட அப்பாதானே? ஆனந்தராஜா அங்கிள்? வேற யாராவதா, அவரோட தம்பியா இருந்தா நல்லா இருக்கும்னு இவ்வளவு நேரம் வேண்டிக்கிட்டு இருந்தேன்.

— எனக்குத் தம்பி இல்லை. மூண்டு அக்காமார்தான்.

— அப்ப நீங்கதான்.

— இருங்கோ, எழும்பாதேங்கோ. இப்ப எழும்பி ஓடினா முழு மேசையும் திரும்பிப் பாக்கும். உந்தப் பேரட்டையில என்ன எழுதிக் கிடக்கு? 'வைன் பையர்'. ஞாயிற்றுக்கிழமை கொம்பியூட்டர் வேலை எண்டெல்லோ சொன்னனீங்கள்.

— அது மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் நெஜம் அங்கிள். ஹவுன்ஸ்லோவுல இருந்து தினமும் ஒரு பேங்குக்குப் போய் டேட்டா பாத்துட்டு இருந்தேன். அப்புறம் வைன் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி இதுக்கு வந்துட்டேன். இப்ப ஏழு ரெஸ்டாரன்ட்டுக்கு வைன் பாத்து வாங்கித் தர்ற வேலை. சத்தியமா உங்களை ஏமாத்தணும்னு இல்ல. தக்ஷிகாதான் சொல்லாதேன்னா.

— ஓ, அவளுக்குத் தெரியுமோ?

— தெரியும். 'அம்மாவுக்கு மதுங்கற சொல்லே ஆகாது, அப்பா அதைவிட மோசம், தண்ணியைக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பார்'னு சொன்னா.

— தண்ணியை மணக்கிறது வேற காரணத்துக்கு.

— அது இப்ப புரியுது. உங்க முன்னாடி ஒன்பது கிளாஸ் இருக்கே. ஆமா, உங்க பேரட்டையை ஏன் கோட்டுக்குள்ள மடக்கி வெச்சிருக்கீங்க?

— அது, கண்டியளோ, குளிர்.

— மே மாசம் அங்கிள்.

— சரி, சொல்லுறன். உரத்துக் கதையாதேங்கோ.

— தமிழ்லதானே பேசறோம். இங்க யாருக்குப் புரியப் போகுது? தலைக்கு மேல ரயில் வேற ஓடிக்கிட்டே இருக்கு.

— ரயில் பாலத்துக்குக் கீழ கிட்டங்கி வைச்சா இப்பிடித்தான். லண்டன் பிரிட்ஜில இருந்து எங்கட தோர்ண்டன் ஹீத்துக்குப் போற ரெயினும் இதுக்கு மேலாலதான் போகுது. மனிசி எங்கையேன் அதில இருக்கிறாவோ எண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணாந்து பாக்கிறன். இப்ப கேளுங்கோ. தோர்ண்டன் ஹீத்தில பத்தொன்பது வருசம் ஒஃப் லைசன்ஸ் கடை வைச்சிருந்தனான். முழுக்கச் சாராயப் போத்தல்தான். ஆனா ஒரு சொட்டு நாக்கில பட்டதில்லை. எது நல்லது எண்டு ஆரும் கேட்டா, விலை கூடினதைக் காட்டுறது.

— எங்க தொழில்ல பாதிப் பேர் இன்னும் அதைத்தான் செய்யறாங்க.

— அங்க மேசைத் தலைப்பில நிக்கிறாவே இசபெல், இண்டைக்கு எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைச்ச வைன் கம்பனிக்காரி, அவதான் ஒருநாள் கடைக்கு வந்து சொன்னா, விழுங்கத் தேவையில்லை, வாயில வைச்சுத் துப்பினாக் காணும் எண்டு. அப்ப எனக்கு அம்பத்தெட்டு வயசு. முதல் வாயிலயே பழப்புளியும் வெந்தயமும் தனித்தனியா வந்து நிண்டுது. எனக்கொரு மூக்கு இருக்கெண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. எவ்வளவு சந்தோசம் தெரியுமோ.

— துப்பறதுக்குக் கஷ்டமா இல்லையா? எனக்கு முதல் நாள் முடியவே இல்ல அங்கிள். சாப்பாட்டு மேசையில, பெரியவங்க முன்னாடி, எச்சியத் துப்பறதா? கூச்சப்பட்டுப் பன்னெண்டு கிளாஸையும் விழுங்கிட்டேன். டாக்ஸியில தூக்கிப் போட்டு அனுப்பினாங்க.

— நான் துப்புற வாளியைத் தூக்கிக்கொண்டு ரொய்லெட்டுக்குப் போனனான். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒருக்கா. வெள்ளைக்காரர் எனக்கு வயித்துக்குள்ள ஏதோ வருத்தம் எண்டு நினைச்சவை. இசபெல் மட்டும் சிரிக்கேல்லை.

— ஆன்ட்டிக்கு இது தெரியுமா?

— கௌரிக்கோ? கடவுளே. அவவின்ர அண்ணை குடிச்சுக் குடிச்சு ஈரல் பழுதாகிச் செத்தவர். செத்தவீட்டால வந்த கையோட என்னட்டச் சத்தியம் வாங்கினவ: இந்தச் சாமான் இனி உங்கட தொண்டைக்குள்ளயும் வரக்கூடாது, இந்த வீட்டுக்குள்ளயும் வரக்கூடாது. அடுத்த மாசமே கடையை வித்தன். அது ஐஞ்சு வருசத்துக்கு முந்தி.

— அப்ப இன்னைக்கு நீங்க வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தீங்க?

— செவ்வாய்க்கிழமை கரம் விளையாட்டு. முதியோர் சங்கத்தில.

— கேரம் போர்டா? ஒவ்வொரு செவ்வாயுமா?

— எங்கட ஆக்களின்ர முப்பது கடைக்காரர் நான் மணந்து சொல்லுறதைத்தான் வாங்குவினம் தம்பி. விடச் சொன்னா எப்பிடி விடுறது? ஆனா தொண்டைக்குள்ள ஒரு சொட்டும் போகேல்லை. சத்தியத்தில அரைவாசியைக் காப்பாத்தியிருக்கிறன்.

— மத்த அரைவாசி?

— அது கராஜ். திறந்த போத்தலில மிஞ்சினதை எனக்குத் தந்து விடுவினம். அடுத்தடுத்த நாளும் மணந்து பாத்தாத்தானே வைனின்ர குணம் பிடிபடும். பெயின்ற் ரின்னுக்குப் பின்னால நாலு போத்தல் கிடக்கு. இடப்பக்கம் கடைசியில இருக்கிறது தங்கம், உங்களுக்கு ஒருநாள் மணக்கத் தாறன். கராஜ் வீடில்லை, கண்டியளோ. அதுக்குக் கதவு வேற.

— ஆன்ட்டிகிட்ட இந்த வாதம் எடுபடுமா?

— உதைக் கேக்காமச் சாப்பிடுங்கோ. ஆட்டிறைச்சி வருது. எனக்குத் தள்ளாதேங்கோ, செவ்வாய்க்கிழமை நான் மச்சம் தொடுறதில்லை.

— வைன் பரவாயில்லையா?

— அது திராட்சைப்பழம். மரக்கறிதானே.

— ஐயோ அங்கிள். சரி, நீங்க எழுதிட்டு இருக்கிற அந்த நோட்டைக் காட்டுங்க. எல்லாத்தையும் தமிழ்லயா எழுதறீங்க? ஒண்ணு, 'நாரத்தங்காய்'. ரெண்டு, 'கோயில் திருநீறு, மேல ஒரு துளி தேன்'. மூணு, 'கடையில பழைய பிரிஜ்'.

— பக்கத்தில இருக்கிறவன் எட்டிப் பாத்தாலும் விளங்காது. அஞ்சு வருசமா எனக்கு அதுதான் பாதுகாப்பு. உங்களுக்கு விளங்கும் எண்டு ஆர் கண்டது.

— அங்கிள், ஞாயித்துக்கிழமை ஆன்ட்டி நெல்லி ரசம்னு ஒரு இனிப்பு ஜூஸ் குடுத்தாங்கல்ல.

— அதைக் கதையாதேங்கோ. நீங்கள் கிளாஸை மேசையில வைச்சு, வைனைச் சுத்துற மாதிரி ஒரு சுத்துச் சுத்தினீங்கள். பேந்து மூக்கை உள்ள விட்டனீங்கள். எனக்குத் திக்கெண்டு போச்சு. டேட்டா பாக்கிற பொடியன் ஏன் நெல்லி ரசத்தைச் சுத்துறான் எண்டு.

— கை தானாப் போயிருச்சு. ஆனா நீங்க மட்டும் என்னவாம்? நீங்க சுத்தினதோட விடல. வாயில வெச்சு, காத்தை உள்ள இழுத்து, கொப்பளிச்சு வேற பாத்தீங்க. பாவம், அங்கிளுக்குப் பல்வலின்னு நெனச்சுக்கிட்டேன்.

— கௌரி பாத்தவவோ?

— தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நம்ம ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. அப்புறம் உள்ள போயிட்டாங்க.

— இனிப்புக் கூடிப்போச்சோ எண்டு பாத்திருப்பா. வேறொண்டும் இராது. சரி, இப்ப ரெண்டு பேரும் மாட்டுப்பட்டாச்சு. நான் உங்களைக் காணேல்லை, நீங்கள் என்னைக் காணேல்லை. வாற ஞாயிறு கௌரி முடிவு சொல்லுவா. இந்த வீட்டில முடிவு சொல்லுறது அவதான். 'பொடியன் அமைதி' எண்டு எனக்குச் சொன்னவ. ஓம் எண்டுதான் சொல்லுவா. அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருப்பம்.

— அங்கிள், நான் ஞாயித்துக்கிழமை வந்து ஆன்ட்டிகிட்ட உண்மையச் சொல்லிடலாம்னு இருக்கேன்.

— உமக்கென்ன விசரோ?

— அன்னைக்கு உங்க வீட்டுல இருந்து போனதுல இருந்து சோறு இறங்கல. கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆனாலும், தினமும் வேலை முடிஞ்சு பல்லு விளக்கிட்டுத்தான் மாமியார் வீட்டு வாசப்படி ஏறணுமா? நீங்க அப்படித்தானே போறீங்க. எப்படி இருக்கு அங்கிள்? நெஜமாச் சொல்லுங்க.

— நல்லா இல்லைத்தான்.

— அதான்.

— ஒரு ஸ்டேசன் முந்தி நோர்பரியில இறங்கி, பெஞ்சில இருந்து ரெண்டு ஏலக்காய் சப்பி முடிச்சிட்டு, அடுத்த ரெயினைப் பிடிச்சுத்தான் வீட்டை போறனான். மழை பெஞ்சாலும் பனி பெஞ்சாலும். ஒரு ஸ்டேசனுக்காக இருபது நிமிசம். அந்த இருபது நிமிசமும் என்னில எனக்கே வெறுப்பு வரும்.

— அப்ப சேர்ந்து சொல்லிடுவோமே.

— நீர் சொல்லுவீர் தம்பி. சொன்னா எங்க, எப்பிடி, ஆரோட எண்டு கேப்பா. என்ர கதையும் வெளியால வந்திடும். சத்தியத்தை முறிச்ச மனிசனும் பொய் சொல்லி வந்த பொடியனும். இந்தக் கலியாணம் அந்த இடத்திலயே முடிஞ்சுது. தக்ஷிகா அழுதால் நான் தாங்க மாட்டன். எங்களுக்கு அவ ஒராள்தான்.

— நானும் தாங்க மாட்டேன் அங்கிள். அதுக்குத்தான் பயந்து பயந்து பேசறேன்.

— பேந்து கதைப்பம். ஆறாம் நம்பரை ஊத்துகினம். வெள்ளித் தாள் சுத்தியிருக்கிறபடியால் என்ன போத்தல் எண்டு தெரியேல்லை.

— எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க. அந்தத் தாடிக்காரர் கண்ணை மூடிக்கிட்டார்.

— நீங்கள் மணந்தனீங்களோ?

— மோந்தேன். நீங்க முதல்ல சொல்லுங்க.

— நீங்கள் சொல்லுங்கோ. இல்லை, ரெண்டு பேரும் எழுதுவம். எழுதிட்டுக் காட்டுவம்.

— எழுதிட்டேன். காட்டுங்க. 'நனைஞ்ச சாக்கு'. நான் 'ஈரச் சாக்கு'ன்னு எழுதியிருக்கேன்.

— அரிசிச் சாக்கு மழையில நனைஞ்சு, காயாமல் மூலைக்குள்ள கிடந்த மணம். போத்தலை மூடின தக்கை பழுது. வைனில பிழையில்லை, இந்தப் போத்தலுக்குத்தான் கேடு.

— ஒருத்தரும் கண்டுபிடிக்கல. இந்த ஆறாம் நம்பரை நம்பித்தான் இந்த விருந்தையே வெச்சிருக்கேன்னு இசபெல் முதல்லயே சொன்னாங்க. சொல்லியாகணும்.

— சொன்னா எல்லாரும் இஞ்சால திரும்புவினம். நான் இப்ப கரம் விளையாடிக்கொண்டிருக்கிறன், கண்டியளோ.

— இவங்க எல்லாம் மரியாதைக்கு ஆகாங்கறாங்க. வீட்டுக்குப் போனதும் ஒருத்தர்கூட இதை வாங்க மாட்டாங்க. ஏன்னு அந்தப் பொண்ணுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

— நான் வாளியோட நடந்த நாளில சிரிக்காத பிள்ளை அது. சரி, சொல்லுங்கோ. நான் குனிஞ்சு சப்பாத்து லேஸ் கட்டுறன்.

— சொல்லிட்டேன். நிமிருங்க.

— என்னவாம்?

— மோந்து பாத்தாங்க, முகமே வெளுத்துப் போச்சு. நாம சொன்னது சரிங்கறாங்க. புதுப் போத்தல் திறக்கறாங்க. தாடிக்காரர் இப்ப 'எனக்கும் அப்பவே சந்தேகம்'ங்கறார்.

— சொல்லுவார். கொண்டாங்கோ கிளாஸை. ஆ, இது வைன். தேசிக்காய்த் தோல், வறுத்த மல்லி.

— கொஞ்சம் கற்பூரம்.

— ஓம், அடியில. மெல்லிசா. தம்பி, உங்களுக்கு நல்ல மூக்கு.

— பொண்ணு தர்றேன்னு எடுத்துக்கலாமா அங்கிள்?

— மூக்கைத்தான் சொன்னனான். இசபெல் ஏன் இஞ்ச வாறா? கையில போனோட?

— நன்றி சொல்ல வர்றாங்க. இந்த ரெண்டு பேர்தான் இன்னைக்கு என்னைக் காப்பாத்தினாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க. அங்கிள், அசையாதீங்க.

— படம் எடுக்கிறாவோ? என்ர மூக்கு கிளாஸுக்குள்ள எல்லோ கிடக்கு.

— என்னோடதும்தான். எடுத்தாச்சு.

— கம்பனிக்கு வைச்சிருக்கிற படம்தானே?

— இன்ஸ்டாவுல போட்டுட்டாங்க. என் பேரையும் சேர்த்து.

— பேரைச் சேத்தா?

— என்னைத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் போகும்.

— தக்ஷிகாவுக்கும்?

— அவளுக்குத்தான் முதல்ல.

— அதை அழிக்கச் சொல்லுங்கோ. கெதியா. கும்பிட்டுக் கேளுங்கோ.

— கேக்கறேன், இருங்க. அங்கிள், மெசேஜ் வந்திருச்சு.

— வாசிக்காதேங்கோ. இல்லை, வாசியுங்கோ.

— 'விஷால், பக்கத்தில இருக்கிறது எங்கட அப்பாவோ?' அடுத்தது, 'அப்பா ஏன் வைன் மணக்கிறார்?' அடுத்தது...

— சொல்லுங்கோ.

— 'அம்மா எனக்குப் பின்னால நிண்டு பாக்கிறா.'

— இண்டைக்குத் தக்ஷிகாவுக்கு ஷிப்ட் இல்லை, வீட்டிலதான் நிப்பாள். பாவி, அதை மறந்து போனன்.

— அங்கிள், உங்க போன் அடிக்குது.

— வீடு எண்டு காட்டுது. நீர் எடும்.

— உங்க போன் அங்கிள். வாங்க, வாசலுக்குப் போயிருவோம். அந்தப் பச்சைப் பட்டனை அமுக்குங்க. ஐயோ, ஸ்பீக்கரையும் சேத்து அமுக்கிட்டீங்க.

— இஞ்சாருங்கோ. எங்க நிக்கிறியள்?

— சங்கத்தில கௌரி. கரம்.

— ஆர் வெல்லுறது?

— நான்... நான்தான் போல கிடக்கு.

— கரம் விளையாடுற ஆளின்ர விரலில பவுடர் இருக்கோணும். உங்கட சேட்டுக் கையில ஊதாக் கறை. ஐஞ்சு வருசமா உங்கட செவ்வாய்க்கிழமைச் சேட்டை நான் தனியாத்தான் ஊறப்போடுறன். ஏன் எண்டு ஒருநாளாவது யோசிச்சனீங்களோ?

— கௌரி, முருகனாணை நான் ஒரு சொட்டும் விழுங்கேல்லை.

— அது எனக்குத் தெரியும். என்ர அண்ணையின்ர வாய் மணத்தோட இருபது வருசம் ஒரே வீட்டில இருந்தனான். உங்கட வாயில ஏலக்காயைத் தவிர ஒரு மணமும் வந்ததில்லை. சேட்டு மட்டும்தான் மணக்கும். அதாலதான் பேசாமல் இருந்தனான்.

— தெரிஞ்சிருந்தும் ஏன் கேக்கேல்லை?

— கேட்டா விட்டிருப்பியள். கடையை வித்திட்டு மூண்டு மாசம் சோபாவில கிடந்து முகட்டைப் பாத்தனீங்கள். செவ்வாய்க்கிழமை தொடங்கினாப் பிறகுதான் வீட்டில திரும்பச் சிரிச்சுக் கதைச்சனீங்கள். அந்தச் சத்தியத்தைக் கேட்டதுக்கு நான் எத்தினை நாள் கவலைப்பட்டனான் தெரியுமோ? இஞ்சாருங்கோ, அழாதேங்கோ. தம்பி பாத்துக்கொண்டு நிப்பார். அவரும் கேட்டுக்கொண்டுதானே நிக்கிறார்?

— ஆமா ஆன்ட்டி. விஷால் பேசறேன். ஞாயித்துக்கிழமை உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க. என்னோட வேலை...

— நீங்கள் நெல்லி ரசத்தைச் சுத்தேக்கயே எனக்கு விளங்கிட்டுது தம்பி. இந்த வீட்டில ஒராள் மோரையும் அப்பிடிச் சுத்தித்தான் குடிக்கிறவர். இப்ப எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் துப்புறனீங்களோ, விழுங்கிறனீங்களோ?

— முதல் நாள் மட்டும் விழுங்கிட்டேன் ஆன்ட்டி. பெரியவங்க முன்னாடி துப்பக் கூச்சமா இருந்துச்சு. பன்னெண்டு கிளாஸ். அதுக்கப்புறம் வேலையில ஒரு சொட்டு இறங்கினதில்ல. ஆனா போன வருஷம் தக்ஷிகா பொறந்த நாளுக்கு ஒரு கிளாஸ் குடிச்சேன். அதையும் சொல்லிடறேன்.

— தம்பி, உதை இப்ப ஆர் உம்மட்டக் கேட்டது?

— நீங்கள் பேசாமல் இருங்கோ. என்ர வாழ்க்கையில முதல் தரமா ஒரு ஆம்பிளை, குடிச்சதைக் கேக்க முந்தியே எண்ணிச் சொல்லுறார்.

— அப்ப, கௌரி, என்ன முடிவு? வாற ஞாயிறு தம்பியை வரச் சொல்லவோ?

— வரச் சொல்லுங்கோ. ஆனா மருமோனுக்கு மணக்கக் குடுக்கிறன் எண்டு, கராஜில பெயின்ற் ரின்னுக்குப் பின்னால இடப்பக்கம் கடைசியில கிடக்கிறதை எடுத்து நீட்டிப்போடாதேங்கோ. மற்ற மூண்டும் நல்லம், அது மட்டும் நேற்றில இருந்து நனைஞ்ச சாக்கு மணக்குது.